கில்ட் கிட் வாங்கலாமா?

தொண்டியிலிருந்து ஒரு வாசகி. 16 ஏப்ரல் 2025, காலை

அக்கா, என் கணவர் ஜூன் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். நாத்தனாருக்கு ஆகஸ்டில் பிரசவம். பிறக்கும் பிள்ளைக்கு என் கையால் ஒட்டுப்போர்வை ஒன்று தைத்துக் கொடுக்க ஆசை. அங்கே கில்ட் கிட் என்று விற்கிறார்களாம். துணியெல்லாம் வெட்டி, எண்ணி, படத்தோடு பெட்டியில் வருமாம், தைத்தால் மட்டும் போதுமாம். வாங்கிவரச் சொல்லட்டுமா? ரவிக்கை, பாவாடை நன்றாகத் தைப்பேன். போர்வை தைத்ததில்லை.

16 ஏப்ரல், இரவு

வேண்டாம்.

உங்கள் பீரோவில் பழைய பருத்திச் சேலை நான்காவது இருக்கும். மாமியார் பீரோவில் அதைவிட நல்லதாக இருக்கும். தையல் தெரிந்த பெண் துணியைத் துண்டு துண்டாக, அதுவும் கடல் கடந்து, விலை கொடுத்து வாங்குவதா? மண்டபத்தில் முப்பத்தொரு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு அடியில் கிடக்கும் வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தால் பத்துப் போர்வைக்குத் துணி தேறும். கழுத்து வெட்டில் விழுவது, கை வெட்டில் விழுவது, பாவாடை அடியில் மிஞ்சுவது. எதையும் நான் எறிவதில்லை. நீளக் கீற்றாக விழுவதைச் சின்னப்பாலத்துப் பெண்கள் வாங்கிப்போவார்கள். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும்போது பாறை விரலைக் கிழிக்காமல் இருக்கச் சுற்றிக்கொள்ள அது வேண்டும். சதுரமாக விழுவது என்னிடம் தங்கிவிடும். கேட்டால் தருவேன்.

17 ஏப்ரல், காலை

நேற்றுக் கோபத்தில் எழுதிவிட்டேன். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் விட்டது தவறு.

பெட்டியைத் திறந்தால் பொதுவாக இருப்பது இவ்வளவுதான். மேல்பக்கத்துக்கான துணி, சிலவற்றில் துண்டுகளாக வெட்டியபடியும் சிலவற்றில் அரை மீட்டர், கால் மீட்டராக மடித்தபடியும் வரும். "கிட்" என்று மட்டும் எழுதியிருந்தால் வெட்டிய துணிதான் என்று நம்பிவிடாதீர்கள், கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஓரத்துக்கான பட்டித்துணி பெரும்பாலும் இருக்கும். செய்முறைத் தாள் இருக்கும். அடித்துணி பெரும்பாலும் இருக்காது. நடுவில் வைக்கும் பஞ்சுத்தாள் அநேகமாக இருக்கவே இருக்காது. நூலும் இருக்காது. ஒரு போர்வை என்பது மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு. பெட்டியின் மேல் இருக்கும் படமோ முடிந்த போர்வை. விலையைப் பார்க்கும்போது அதில் மூன்றில் ஓர் அடுக்கு மட்டுமே அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. பத்துப் பன்னிரண்டு விதத் துணிகளில் ஒவ்வொன்றிலும் கையகலம் தேவைப்படும்போது கடைக்காரர் கையகலம் வெட்டித் தரமாட்டார். நீங்கள் அரை மீட்டர், கால் மீட்டர் என்று வாங்கி மீதியைச் சுமக்க வேண்டும். கிட்டில் அந்த மிச்சம் இல்லை. நிறங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி முன்பே தேர்ந்து வைக்கப்பட்டவை.

17 ஏப்ரல், மாலை

விட்டுப்போன ஒன்று. செய்முறைத் தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வார்த்தைகளைப் படித்துவிடலாம், தொழில் பேச்சு புரிய நேரமாகும். "நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு" என்றால் இரண்டு துணியின் மேல்முகமும் உள்ளே பார்க்க வைத்துத் தைப்பது. "கருமைப் பக்கம் அழுத்து" என்றால் தையலுக்கு உள்ளே விட்ட ஓரத்தை அடர் நிறத் துணியின் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுவது. இல்லாவிட்டால் வெளிர் துணி வழியாக நிழலடிக்கும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தேய்த்தால் துண்டு கோணிவிடும். குறுக்கு வெட்டில் வரும் முக்கோணங்கள் கட்டாயம் கோணும்.

21 ஏப்ரல்

கோபத்துக்கான காரணம்.

2019 இல் அண்ணன் மகள் வெளிநாட்டிலிருந்து எனக்கு ஒரு கிட் வாங்கிவந்தாள். நீலமும் வெண்ணெய் நிறமுமாக நட்சத்திரக் கட்டம், ஒற்றைக் கட்டில் அளவு. அவ்வளவு அழகான துணியை நான் அதுவரை தொட்டதில்லை. ஆவணியில் தொடங்கினேன். முதல் இரண்டு வரிசை தைத்து, மீதியைக் குண்டூசி குத்தி அடுக்கிவைத்திருந்தபோது தீபாவளி வேலை வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு ரவிக்கை என்றால் போர்வையை யார் நினைப்பது? துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை. எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் வீட்டில் இரும்பு எதுவும் தப்பாது, கதவுத் தாழ்ப்பாள் முதல் ஊசி வரை. தை மாதம் திறந்து பார்த்தேன். குண்டூசி குத்திய இடமெல்லாம் துரு. வெண்ணெய் நிறத்துண்டுகளில் 14 கறைபட்டுவிட்டன.

எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் தடவி வெயிலில் வைத்தேன். துருவுக்கு அது நல்ல மருந்து, 9 துண்டில் கறை போனது. 5 துண்டில் போகவில்லை. கிட்டில் ஒரு துண்டுகூட உபரி இல்லை. கடைக்கு எழுதிக் கேட்டபோது அந்த வரிசைத் துணி நின்றுவிட்டது என்று பதில் வந்தது. துணி ஆலைகள் ஓர் அச்சைச் சில மாதம் ஓட்டிவிட்டு அடுத்த அச்சுக்குப் போய்விடும், அது அவர்கள் தொழில் நடக்கும் விதம். நான் என்ன செய்வேன்? அப்பாவின் பழைய வேட்டியை வெட்டி அந்த ஐந்து இடத்திலும் வைத்துத் தைத்தேன். வேட்டி வெள்ளை, மற்றவை வெண்ணெய் நிறம். வாசற்படியில் நின்று பார்த்தாலே தெரியும்.

குண்டூசி குத்திய துணியைக் கடற்கரை வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தைப்பதை நிறுத்தினால் ஊசியை எடுத்துவிட்டு நூலால் இழையோட்டி வையுங்கள். கிட்டோ சொந்தத் துணியோ, இதில் வேறுபாடு இல்லை.

22 ஏப்ரல்

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வெட்டித் தரும் துண்டுகளின் ஓரம் பல்லுப்பல்லாக இருக்கிறதே, அளவைப் பல்லின் முனையிலிருந்து எடுப்பதா, பள்ளத்திலிருந்து எடுப்பதா?

பெரும்பாலும் முனையிலிருந்துதான். ஆனால் எல்லா ஆலைக்கும் ஒரே கணக்கு இல்லை. ஒரு துண்டை எடுத்து இஞ்ச் டேப்பை வைத்துப் பாருங்கள். ஐந்து அங்குலம் என்று எழுதியிருந்தால் எங்கே ஐந்து வருகிறதோ அங்கிருந்து கால் அங்குலத் தையலை எண்ணுங்கள். பல் வெட்டு அழகுக்காக வைத்தது இல்லை. நேர் வெட்டாக இருந்தால் கையில் எடுக்கும்போதே இழை பிரியும்.

இதே காரணத்தால் வெட்டிய துண்டைத் தைக்கும் முன் நனைக்கவும் முடியாது. நனைத்தால் ஓரம் உதிரும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும். நாம் புதுத்துணியை நனைத்து உலர்த்தித்தான் வெட்டுவோம். கிட்டில் அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. சாயம் போகுமா என்று பார்க்க வேண்டுமானால் ஈர வெள்ளைத் துணியால் சிவப்பு, கருநீலத் துண்டுகளை அழுத்தித் துடையுங்கள். நிறம் ஏறினால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

2 மே

தொண்டித் தங்கை மறுபடி எழுதியிருக்கிறார். "அக்கா, நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள், அப்புறம் நல்ல பக்கமும் சொல்கிறீர்கள். பெட்டி இல்லாமல் எவ்வளவு துணி வாங்க வேண்டும், அதையாவது சொல்லுங்கள்."

குழந்தைக்கு 36 அங்குலச் சதுரம் போதும். தைத்தபின் நாலு அங்குலம் வரும் கட்டங்கள், வரிசைக்கு 9, மொத்தம் 81. இரண்டு நிறம் மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றில் 41, மற்றதில் 40. வெட்டும் அளவு நாலரை அங்குலம். பன்னா, அதாவது அகலம், 44 அங்குலம் உள்ள துணியில் குறுக்காக 9 கட்டம் விழும். 41 கட்டத்துக்கு ஐந்து வரிசை, அதாவது இருபத்திரண்டரை அங்குலம். சுருக்கத்துக்கும் தவறுக்கும் சேர்த்து நிறத்துக்கு முக்கால் மீட்டர் எடுங்கள். அடித்துணி நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், எனவே ஒன்றேகால் மீட்டர். பட்டிக்கு இரண்டரை அங்குலக் கீற்று நான்கு, கால் மீட்டரில் ஒரு நூல் குறையும், அதனால் நான் முப்பது சென்டிமீட்டர் எடுப்பேன். அவ்வளவுதான் துணி. மூன்று மீட்டரும் கொஞ்சமும்.

கவனம் வேண்டியது தையலில். கால் அங்குலம் என்றால் கால் அங்குலம். ரவிக்கை தைக்கிறவர்கள் பிரிக்க வசதியாக ஓர் அங்குலம் உள்ளே விட்டே பழகியிருப்போம், கை தானாக அங்கே போகும். ஒரு வரிசையில் 8 இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு துணியிலும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால் வரிசை முடிவில் முழுதாக ஓர் அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையில் அப்படிப் பிடிக்காவிட்டால் இரண்டும் சேராது. மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் நாலைந்து மடிப்புப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள், துணி அதில் இடித்துக்கொண்டு ஓடும்.

9 மே

என் 16 ஏப்ரல் குறிப்பில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. கரையில் எல்லா வீட்டிலும் கையில் காசு குறைவு, நேரம் அதிகம். பாம்பன், வேதாளை, மண்டபத்திலிருந்து ஆறு பெண்கள் பிற்பகலில் கடைக்கு வருகிறார்கள், போர்வை கற்றுக்கொள்ள. கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்ததே இந்த வகுப்புக்கு விதை. சரி, நானே ஆறு கிட் வெட்டி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆறு பேருக்கு 81 என்றால் 486 கட்டம். அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துப் பென்சில் கோடு போட்டு, கத்தரியால் வெட்டினேன். நாலு மடிப்பாக வெட்டினால் அடித்துணி நழுவி அளவு கூடுகிறது. இரண்டு மடிப்பாக வெட்டினால் நேரம் இருமடங்கு. நாலு இரவு வெட்டினேன். கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக அட்டையில் வைத்துப் பார்த்தால் 60க்கு மேல் அளவு தவறியவை. முப்பத்தொரு வருடம் வெட்டிய கைக்கு இது நேர்ந்தது. ரவிக்கையில் ஒரு நூல் அகலம் தவறினால் யாருக்கும் தெரியாது. இங்கே எல்லாம் எல்லாவற்றோடும் சேர வேண்டும்.

ஆக, கிட்டின் விலை துணிக்கு மட்டும் இல்லை, வெட்டுக்கூலியும் அதில் சேரும். வெளிநாடுகளில் இதற்குச் சக்கரக் கத்தி வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979 இல் கொண்டுவந்தது. அளவுகோலை அழுத்திப்பிடித்து உருட்டினால் பல மடிப்பும் நழுவாமல் வெட்டும். அடியில் வைக்கத் தனி விரிப்பு வேண்டும். தங்கையின் கணவர் சிங்கப்பூரில் ஏதாவது வாங்குவதானால் கிட்டைவிட இந்தக் கத்தியும் விரிப்பும் அளவுகோலும் வாங்கிவந்தால் பத்து வருடம் உழைக்கும். ஒரே ஒரு போர்வையோடு நிறுத்திக்கொள்வதானால் கத்தி வீண் செலவு.

10 மே

வெட்டுத்துணி மூட்டையில் பத்துப் போர்வை தேறும் என்றேனே, அதுவும் தவறு. நேற்று மூட்டையை அவிழ்த்துப் பிரித்தேன். பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்தது. லைனிங் துணி தனி ரகம், பட்டுப் பருத்தி தனி ரகம், டூ பை டூ ரவிக்கைத் துணி தனி ரகம். இவற்றைக் கலந்து தைத்தால் முதல் சலவையில் ஒன்று சுருங்கும், ஒன்று அப்படியே நிற்கும், போர்வை அப்பளம்போல் நெளியும். ஒரே ரகப் பருத்தியாகப் பொறுக்கினால் ஒன்றரைப் போர்வைக்குத்தான் வருகிறது.

23 மே

பரமக்குடியிலிருந்து தறிக்குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நிறத்தை வேறொருவர் தேர்ந்து, வெட்டையும் வேறொருவர் வெட்டி, வடிவத்தையும் வேறொருவர் வரைந்தபின் தைத்தவர் "என் போர்வை" என்று சொல்லலாமா என்பது அவர் கேள்வி. தறியில் நெய்கிறவர் பாவு ஓட்டுவதில்லை, சாயம் தோய்ப்பதில்லை, ஆனாலும் சேலையை நெய்தவர் அவர்தான் என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஐயா, இரண்டு பக்கமும் நீங்களே பேசிவிட்டீர்கள்.

இது புதுச் சண்டை இல்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து மேரியன் ஊரில் மேரி வெப்ஸ்டர் என்ற அம்மையார் இருந்தார். 1911 இல் ஒரு பெண்கள் மாத இதழில் அவருடைய போர்வைகள் வண்ணப்படமாக வந்தன. கேட்டுக் கேட்டுக் கடிதம் வந்ததால் வடிவங்களையும், பின்பு கிட்டுகளையும் வீட்டிலிருந்தே விற்றார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த வகைப் போர்வைகளைத் தைத்தவரின் குடும்பங்கள் பாதுகாக்கின்றன. "பாட்டி கிட் வாங்கித் தைத்தாள்" என்று எவரும் எறிந்துவிடவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொரு கதை. 1933 இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் போர்வைப் போட்டி நடத்தியது. 24,000க்கும் மேற்பட்ட போர்வைகள் வந்தன. முதல் பரிசு ஆயிரம் டாலருக்கு மேல், அந்தப் பஞ்ச காலத்தில் அது பெருந்தொகை. பரிசு வாங்கியவர் அதில் ஒரு தையலும் போடவில்லை, கூலிக்கு வேறு பெண்கள் தைத்தார்கள். அவர்களுக்குப் பரிசில் பங்கு இல்லை. தன் கையால் தைத்தவரைப் பார்த்து "கிட்தானே" என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். உட்கார்ந்து தைத்தவருக்கே அது சொந்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

24 மே

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், இரவெல்லாம் அதே நினைவு. கைக்குச் சொந்தம், சரி. கண்ணுக்கு?

வேதாளைப் பெண்ணிடம் நான் வெட்டிவைத்த பச்சையும் வெள்ளையும் கொடுத்தேன். இரண்டு நாள் தைத்தாள். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து அவள் பாட்டியின் கண்டாங்கிச் சேலைத் துண்டு கொண்டுவந்தாள், அரக்கில் மஞ்சள் கட்டம் போட்டது. வெள்ளையை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டாள். பச்சையோடு அரக்கா, கண்ணைக் குத்தும் என்று நான் நினைத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவள் தரையில் பரப்பினாள். மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோது அந்த ஆறு போர்வையில் அதைத்தான் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேர்ந்த நிறம் பிழையில்லாத நிறம், அவள் தேர்ந்ததில் அவள் வீடு இருந்தது.

கிட் வாங்கினால் இந்த இடம் கிடைக்காது. அதனால் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: ஒரே ஒரு நிறத்தையாவது எடுத்துவிட்டு உங்கள் வீட்டுத் துணியை வையுங்கள். பழைய சேலையானால் வெட்டும் முன் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை இளைத்த இடத்தில் வெளிச்சம் கூடுதலாகத் தெரியும், அங்கே வெட்டாதீர்கள். புதுத்துணியோடு சேரும்போது இளைத்த துணிதான் முதலில் கிழியும்.

25 மே

கிட் என்ற பேச்சுக்கே இடமில்லாத போர்வையும் நம் நாட்டில் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி. ஓரத்திலிருந்து தொடங்கி, கையில் கிடைத்த பழந்துணியை வைத்து வைத்து, ஓட்டுத்தையலாகவே உள்நோக்கிச் சுற்றிப் போவார்கள். முன்கூட்டி வெட்டுவதில்லை, அளப்பதில்லை. நாலு மூலையிலும் மடித்த சிறு முக்கோணம் வைப்பார்கள், அதற்குப் பெயர் பூ. வங்கத்துக் காந்தாப் போர்வையிலும் பழைய சேலை அடுக்குகள்தான், கரையிலிருந்து உருவிய நூல்தான். கடைசிப் பத்து நாளாக நான் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்கள் இவை. வகுப்பு முடிந்தபின் ஒன்று முயன்று பார்ப்பேன்.

3 ஜூன்

நடுப்பஞ்சு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இங்கே மிக முக்கியம் அதுதான். கிட் படங்கள் குளிர்நாட்டுக்குப் போட்டவை. தடித்த பாலியஸ்டர் பஞ்சுத்தாள் வைத்தால் நம் சித்திரை வைகாசியில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். கனமும் ஏறும். கனமான போர்வையைத் துவைக்க எத்தனை குடம் தண்ணீர் என்று எண்ணிப் பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் போர்வைக்காக எட்டுக் குடம் செலவழிப்பதா? கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அலசியபின்னும் துணி விறைத்து நிற்கும்.

பஞ்சுத்தாளுக்குப் பதில் நன்றாகத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டி இரண்டு மடிப்பு. அல்லது மல் துணி. வேட்டி நடுவில் இருந்தால் கையால் ஓட்டுத்தையல் போட ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும். பழைய மிதிமெஷினில் மூன்று அடுக்கையும் ஓட்டினால் அடித்துணி முன்னே இழுபட்டு மேல்துணி சுருக்கம் விழும். கையால் போடுங்கள், கட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, எதிர்க் குறுக்கே ஒரு கோடு.

4 ஜூன்

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். நினைவூட்டிய செவிலியர் அக்காவுக்கு நன்றி. பிறந்த குழந்தை தூங்கும்போது மேலே ஒட்டுப்போர்வை போர்த்தக் கூடாது. முதல் வருடம் முழுவதும் படுக்கையில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் வேண்டாம், மூக்கை மூடிவிடும். தரையில் விரித்துக் குழந்தை விழித்திருக்கும்போது கவிழ்ந்து விளையாடத்தான் அந்த 36 அங்குலம். பொத்தான், மணி, சம்கி எதையும் தைக்காதீர்கள். சில கிட்டுகளில் அலங்காரப் பொத்தான் வரும், அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

15 ஜூன்

நள்ளிரவில் படகுகள் போய்விட்டன. இன்று வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் மூன்று மணிக்கு நாற்காலிகளை எடுத்துப் போட்டேன்.

கணக்குப் பார்த்தேன். ஆறு பேரில் நான் வெட்டிக் கொடுத்ததை அப்படியே தைத்த மூவரும் பட்டி வரை முடித்துவிட்டார்கள். நிறம் மாற்றிய வேதாளைப் பெண்ணும் முடித்தாள். சொந்தத் துணி கொண்டுவந்து தானே வெட்டுகிறேன் என்ற இருவரில் ஒருத்திக்கு மேல்பக்கம் முடிந்தது, மற்றவளுக்கு நான்கு வரிசை. இருவருக்கும் கை நல்ல கை. அளவு சேராமல் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் நாள் போய்விட்டது. அறுபத்தொரு நாள் மட்டுமே கையில் இருக்கிற பெண்ணுக்கு வெட்டிய துணி எவ்வளவு பெரிய உதவி என்று ஏப்ரலில் எனக்குத் தெரியவில்லை. தையல் தெரிந்த பெண் துண்டுகளை விலைகொடுத்து வாங்குவதா என்று எழுதினேனே, அந்த வரியைத் தங்கை மறந்துவிட வேண்டும்.

அந்த நான்கு வரிசைப் பெண்ணின் துணியை என்னிடமே வைத்திருக்கிறேன். குண்டூசி எல்லாம் எடுத்துவிட்டேன்.

8 ஜூலை

தொண்டியில் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. தங்கையின் கணவர் என் கத்தி யோசனையைக் கேட்கவில்லை, கிட்டையே வாங்கிவந்திருக்கிறார். மஞ்சளும் சாம்பலும், யானைப் படம். தங்கைக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கும் மகிழ்ச்சி, உண்மையாகவே.

தைக்கும் முன் எண்ணிப் பாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். எண்ணியிருக்கிறார். இரண்டு சாம்பல் கட்டம் குறைகிறது. எந்தக் கடை என்று இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணும்போது கை தவறுவது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் கடை அங்கே, பெட்டி இங்கே, பிரசவம் அடுத்த மாதம். எனவே புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலிருந்து கிளம்பும் முன்பே எண்ணிவிடச் சொல்லுங்கள். பிறகு ஒரு துண்டை அளந்து பாருங்கள். பிறகு செய்முறைத் தாளைக் கடைசி வரை படியுங்கள்.

குறையும் இரண்டு இடத்துக்கு மாமியாரின் சுங்குடிச் சேலையிலிருந்து வெட்டலாமா என்று கேட்கிறார். மதுரைச் சுங்குடிப் புள்ளி மஞ்சள் யானையோடு சேரும். ஆனால் சாயத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், சிவப்புச் சுங்குடியை நான் நம்பமாட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்று மேல் இடது, ஒன்று கீழ் வலது. குறைந்ததை மறைக்க வைத்தது என்று ஒருவருக்கும் தோன்றாது.

9 ஜூலை

நேற்றைய கடைசி வரி சரியில்லை. மறைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மாமியார் சேலை என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுங்கள்.

30 ஆகஸ்ட்

பெண் குழந்தை. போர்வை முடிய இன்னும் பட்டி மட்டும் பாக்கி. குழந்தை கவிழ்வதற்குள் நேரம் இருக்கிறது, அவசரப்பட்டுப் பட்டியை மெஷினில் அடித்துவிடாதீர்கள். மேல்பக்கம் மெஷின், பின்பக்கம் கையால் மறைதையல். மூலையில் பட்டியை மடிக்கும்போது ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, நூலை வெட்டி, மடித்து, மறுபடி விளிம்பிலிருந்து தொடங்குங்கள். அதுதான் மூலை கூராக வருவதற்கு வழி.

19 அக்டோபர்

மழை தொடங்கிவிட்டது. கேட்டவர்களுக்கு: அலமாரியில் வைக்கும் ஒட்டுப்போர்வையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று கரும்புள்ளி விழும். பழைய தலையணை உறையில் போட்டு, வெயில் அடிக்கும் நாளில் எடுத்து உலர்த்தி, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் இழை அங்கேயே முறியும்.

நான்கு வரிசையோடு நின்ற பெண் நேற்று வந்தாள். காற்றும் மழையுமாக இருப்பதால் வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லையாம். மீதிக் கட்டங்களை நான் வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். வெட்டித் தாருங்கள் அக்கா, ஆனால் எந்தத் துணி எங்கே என்று நான் சொல்கிறேன் என்றாள். இன்று காலை 45 கட்டம் வெட்டி, எண்ணி, ஐந்து கட்டாக நூலால் கட்டி வைத்திருக்கிறேன். உபரியாக ஆறு.